ஆறு பேர், ஓர் இரவு, 102 கிலோமீட்டர்

தமிழ்நாட்டுச் சாலைகளில் இரவுப் பயணம் செய்த பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. கொடி கட்டிய வேன் ஒன்று ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் கையில் ஜோதியுடன் ஓர் இளைஞர் ஓடிக்கொண்டிருப்பார். சற்றுத் தொலைவு போனதும் வேனிலிருந்து இன்னொருவர் இறங்கி ஜோதியை வாங்கிக்கொள்ள, முதலாமவர் வேனில் ஏறிக்கொள்வார். கோயில் விழாவுக்கோ தலைவர் ஒருவரின் நினைவு நாளுக்கோ மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் தொடர் ஜோதி ஓட்டம் அது. ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற வீரர்கள் அல்லர். அவர்களில் ஒருவரைத் தனியாக நூறு கிலோமீட்டர் ஓடச் சொன்னால் கால்வாசித் தூரத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஆறேழு பேர் சேர்ந்தால் விடிவதற்குள் முடித்துவிடுகிறார்கள். எப்படி?

நூற்றை ஆறால் வகுத்தால் ஆளுக்கு 17 கிலோமீட்டர்கூட வராது, இதில் புதிர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வகுத்தல் பாதி விடைதான். ஒரே மூச்சில் 17 கிலோமீட்டர் ஓட முடியாதவரும் அந்த ஓர் இரவில், விட்டுவிட்டு, 17 கிலோமீட்டர் ஓடிவிடுகிறார். ஓடாத நேரத்தில் அவருடைய உடலுக்குள் நடப்பவைதான் மீதி விடை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

தனியாக ஓடினால் என்ன ஆகும்?

சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. (உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்பட்டிருக்கும் அதே கலோரிதான்.) வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்கு 60 கலோரி; நூறு கிலோமீட்டருக்கு 6,000 கலோரி.

இந்த ஆற்றல் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரை. கிளைக்கோஜன் எனப்படும் இதை நாம் ‘சேமிப்புச் சர்க்கரை’ என்று அழைக்கலாம். இன்னொன்று, கொழுப்பு. சேமிப்புச் சர்க்கரை கையிலிருக்கும் ரொக்கம் போன்றது. கொழுப்பு சொந்தமாக இருக்கும் நிலம் போன்றது. நிலத்தின் மதிப்பு எத்தனையோ மடங்கு அதிகம், ஆனால் அவசரத்துக்கு உடனே பணமாகாது. ஒல்லியான மனிதரிடமும் இருக்கும் சில கிலோ கொழுப்பில் பல பத்தாயிரம் கலோரி அடங்கியிருக்கிறது. அதை எரிக்க ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். எரியும் வேகமும் குறைவு. அதனால் ஓட்டத்தின் வேகம் கூடக்கூட உடல் சர்க்கரையையே அதிகம் நம்புகிறது.

ஒருவரிடம் இருக்கும் சேமிப்புச் சர்க்கரை மொத்தம் 1,600 முதல் 2,000 கலோரி வரைதான். மாரத்தான் ஓடுகிறவர்கள் 30-ஆவது கிலோமீட்டரை ஒட்டித் திடீரென்று கால்கள் கனத்து, தலை சுற்றி, நடையாக மாறிவிடுவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சேமிப்பு வற்றிப்போவதே.

இப்போது பழைய வகுத்தலுக்குத் திரும்புவோம். 17 கிலோமீட்டருக்கு 60 கிலோ மனிதருக்குச் செலவு 1,020 கலோரி. கையிருப்பில் ஏறத்தாழ பாதிதான் போகிறது. தனியாக ஓடுகிறவர் தன் சேமிப்பைப் போல் மூன்று மடங்கு செலவழிக்க வேண்டியிருக்க, ஆறு பேரில் ஒருவர் ஆபத்தான எல்லையின் பக்கமே போவதில்லை. தொடரோட்டம் தரும் முதல் பாதுகாப்பு இது.

குதிரையை முந்திய கால்கள்

தூரத்தைத் துண்டாக்கினால் வேகமும் கூடும். உலகிலேயே 400 மீட்டரை மிக வேகமாக ஓடியவர் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க். 2016-இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 43.03 வினாடி. அதே தூரத்தை 2012-இல் ஜமைக்காவின் நால்வர் ஆளுக்கு நூறு மீட்டராகப் பகிர்ந்து ஓடியபோது 36.84 வினாடியில் முடித்தார்கள். சராசரி ஆளுக்கு 9.21 வினாடி. உசைன் போல்ட்டின் தனிநபர் 100 மீட்டர் சாதனையே 9.58 வினாடிதான்! பேட்டனை (தொடரோட்டத்தில் கைமாறும் சிறு கோல்) வாங்கும் மூவர் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை, ஓடிக்கொண்டே வாங்குகிறார்கள். வேகமெடுக்கும் நேரம் அவர்களுக்கு மிச்சம்.

இந்த உண்மையை நம் நாட்டு அஞ்சல் ஓட்டக்காரர்கள் என்றோ கண்டுகொண்டார்கள். 1333-இல் இந்தியாவுக்கு வந்தவரும், பின்னாளில் மதுரைக்கும் வந்தவருமான பயணி இபின் பதூதா, டெல்லி சுல்தானின் இரண்டு வகை அஞ்சல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்று குதிரை அஞ்சல், மற்றொன்று கால் அஞ்சல். கால் அஞ்சலில் ஒரு மைலுக்கு மூன்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஆட்கள் இடுப்பை வரிந்து கட்டித் தயாராக இருப்பார்கள். ஓடி வருகிறவர் ஒரு கையில் கடிதமும் மறுகையில் மணிகள் கட்டிய கோலும் வைத்திருப்பார். மணியோசை கேட்டதும் அடுத்தவர் எழுந்து நிற்பார். இந்தக் கால் அஞ்சல் குதிரை அஞ்சலைவிட வேகமாகப் போனது என்கிறார் அவர். சிந்துவிலிருந்து டெல்லிக்கு மற்றவர்களுக்கு ஐம்பது நாள் பயணம். அஞ்சலில் செய்தி ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்தது. சில நூறு மீட்டர் மட்டும் ஓடுகிற மனிதருக்குச் சோர்வு தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

மைசூர் அரசர் சிக்கதேவராயர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் நாட்டுக்கென ஓர் அஞ்சல் அமைப்பை உருவாக்கினார். இன்றைய தருமபுரி அடங்கிய பாரமகால் பகுதி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்து, பிறகு கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. கும்பினிக் காலத்திலும் தபால் பை ஓட்டக்காரர்களின் தோளில்தான் இரவும் பகலும் ஊர் ஊராகச் சென்றது.

தருமபுரி மாவட்டத்தின் மலையூர்களில் இதே அறிவு உயிர் காக்கவும் உதவியிருக்கிறது. பென்னாகரம் வட்டத்தின் கோட்டூர் மலையைப் போல் வாகனம் ஏற முடியாத ஊர்கள் அங்கே இருந்தன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மீது ஏறிப்போன மலை அது. இத்தகைய ஊர்களில் நோயாளியைத் தூளி கட்டித்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது. சுமக்கிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டே வருவார்கள். ஒருவர் களைத்து விழும் வரை காத்திருக்காமல், களைப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வது அந்த முறையின் உயிர்நாடி.

எத்தனை துண்டாக்குவது?

அப்படியானால் ஆறு நண்பர்களும் 500 மீட்டருக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் என்ன? வேகம் கிடைக்கும். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு வேன் 200 முறை நிற்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஓட வேண்டியவர் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது, கண் மூடவும் முடியாது. மறுகோடியில், ஆளுக்கு ஒரே ஒரு முறை 17 கிலோமீட்டர் என்று வைத்தால் நீண்ட ஓய்வு கிடைக்கும். பழக்கமில்லாதவருக்கு அந்த ஓட்டமே தாங்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1982 முதல் நடந்துவரும் ‘ஹூட் டு கோஸ்ட்’ தொடரோட்டம் சுமார் 320 கிலோமீட்டர். ஓர் அணிக்கு 12 பேர், 36 கட்டங்கள், ஆளுக்கு மூன்று முறை. நம் கணக்குக்கும் இந்த மூன்று முறையையே எடுத்துக்கொள்வோம்.

ஒகேனக்கல் முதல் தீர்த்தமலை வரை: ஒரு கணக்கு

ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் வழியாகத் தருமபுரி சுமார் 46 கிலோமீட்டர். அங்கிருந்து மொரப்பூர் வழியாக அரூர் சுமார் 40. அரூரிலிருந்து தீர்த்தமலை 16. மொத்தம் 102 கிலோமீட்டர். காவிரிக் கரையில் கிளம்பி மாவட்டத்தின் மறுபக்கத்தில் இருக்கும் மலைக்கோயில் அடிவாரத்தில் முடியும் பாதை.

ஆறு பேர், ஆளுக்கு மூன்று முறை: 18 கட்டங்கள். ஒரு கட்டம் சுமார் 5.7 கிலோமீட்டர். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், அதாவது மெல்லோட்டம் என்று வைத்தால், ஒரு கட்டத்துக்கு 40 நிமிடம். 18 கட்டங்களுக்கு 12 மணி நேரம். ஒருவர் ஓடி முடித்தபின் மற்ற ஐவரும் ஓடும் வரை அவருக்கு 3 மணி 20 நிமிட ஓய்வு.

மாலை 4 மணிக்குக் கிளம்புவோம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் சாலை யானைகள் நடமாடும் காட்டை ஒட்டியது. இருட்டிய பின் அங்கே ஓடக் கூடாது. 4 மணிக்குக் கிளம்பினால் முதல் மூன்று கட்டங்களில், 6 மணி வாக்கில், பென்னாகரம் வந்துவிடும். ஏற்றத்தில் ஓட நல்ல வலு வேண்டும். ஆகவே அணியின் வலுவான மூவர் முதல் மூன்று இடங்களில். இரவு 9.20-க்குத் தருமபுரியை நெருங்கியிருப்போம். நள்ளிரவு கடந்து 2 மணிக்கு அரூர். அதிகாலை 4 மணிக்குத் தீர்த்தமலை.

ஆறாவது ஓட்டக்காரரைக் கவனியுங்கள். அவர் ஓடும் நேரங்கள் இரவு 7.20, 11.20, அதிகாலை 3.20. கடைசி நேரம்தான் இந்த இரவின் மிகக் கடினமான பகுதி. காரணத்தைப் பார்ப்பதற்கு முன், ஓய்வு நேரத்தில் உடல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

3 மணி 20 நிமிடத்தில் நடப்பவை

உடலின் பழுதுகள் ஒரே வேகத்தில் சரியாவதில்லை. மூச்சிரைப்பு சில நிமிடங்களில் அடங்கும். தசையின் உடனடி எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட் ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஓட்டத்தில் சேர்ந்த லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய வெளியேறிவிடும். மறுநாள் கால் வலிக்கு அதுதான் காரணம் என்று பலர் நம்புவது தவறு. அந்த வலி தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளால் வருவது. குறிப்பாக இறக்கத்தில் ஓடும்போது அதிகமாகும். ஓரிரு நாள் கழித்தே உச்சமடையும்.

சேமிப்புச் சர்க்கரை மட்டும் மிக மெதுவாக நிரம்பும். முழுதாக வற்றினால், நன்றாகச் சாப்பிட்டாலும் மீண்டும் நிரம்ப ஒரு நாள் ஆகும். எனவே மூன்றாவது முறை ஓடும்போது யாருக்கும் முதல் முறையின் வலு இருக்காது. ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு வாழைப்பழமோ சில இட்லியோ சாப்பிட்டால் இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். தருமபுரிப் பக்கத்து வீடுகளின் கேழ்வரகுக் கூழை நன்றாக நீர்க்கக் கரைத்து உப்பிட்டால் மாவுச்சத்து, நீர், உப்பு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். களி வேண்டாம். ஓடும்போது இரைப்பைக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புவதால், கனமான உணவு அப்படியே தங்கிக் குமட்டும்.

நீர் ஏன் முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு கட்டத்தில் செலவாகும் 340 கலோரியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த 255 கலோரி உடலை விட்டு வெளியேறாவிட்டால் 60 கிலோ மனிதரின் உடல் வெப்பம் 40 நிமிடத்தில் சுமார் 5 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, ஒரு கட்டத்துக்கு அரை லிட்டருக்குச் சற்றே குறைவாக வியர்வை தேவைப்படலாம். இரவில் வெயில் இல்லாததும் காற்று உடலைக் குளிர்விப்பதும் இந்தச் சுமையைக் குறைக்கின்றன. நீண்ட தொடரோட்டங்கள் இரவை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடல் கடிகாரத்தின் அடிமட்டம்

நம் மூளைக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் ஓர் ஒழுங்கமைப்பு இருக்கிறது. அதை ‘உடல் கடிகாரம்’ என்கிறோம். உடலின் உள்வெப்பம் மாலையில் உச்சத்தைத் தொடுகிறது. அதிகாலை 4, 5 மணி வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்தான் என்றாலும், குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும். கவனமும் முடிவெடுக்கும் வேகமும் குறையும்.

நம் மலையேற்றம் மாலையில் அமைந்தது இதனாலும் நல்லது. உடல் தன் உச்சத்தில் இருக்கும்போது கடினமான பகுதி முடிந்துவிடுகிறது. 3.20-க்கு ஓட வேண்டிய ஆறாமவரோ அடிமட்டத்தை நோக்கி ஓடுகிறார். எல்லோருடைய கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. சிலருக்கு அது இயல்பாகவே தாமதமாக ஓடும். நள்ளிரவு தாண்டியும் சுறுசுறுப்பாக இருக்கும் நண்பர் ஒருவர் எல்லா அணியிலும் இருப்பார். கடைசி இடம் அவருக்குத்தான்.

ஓய்வில் தூங்குவதற்கும் அளவு வேண்டும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென எழுப்பப்பட்டவர் சிறிது நேரம் குழம்பியே இருப்பார். இதை ‘விழிப்பு மந்தம்’ என்று சொல்லலாம். ஆகவே தன் முறைக்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து, பத்து நிமிடம் நடந்து, தசைகளைச் சூடாக்கிக்கொண்டு பேட்டனுக்காக நிற்க வேண்டும்.

கண்களுக்கும் தயாராக நேரம் தேவை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு அந்தப் பழக்கத்தை நொடியில் கலைத்துவிடும். ஓட்டுநரின் கண்ணுக்கும் இதே கதிதான். எனவே ஒளியைப் பிரதிபலிக்கும் சட்டையும் நெற்றி விளக்கும் கட்டாயம். வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்புறம் ஓட வேண்டும்.

ஓடாதவர்தான் முதல் ஆள்

இந்த இரவில் அதிக ஆபத்தைச் சுமப்பவர் ஓடுகிறவர்களில் ஒருவர் அல்லர், வேனை ஓட்டுகிறவர். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்றது அது. இந்தியச் சட்டம் வாகன ஓட்டிக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 0.03 சதவீதம்தான்.

நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். வேன் ஓட்டும் நண்பர் காலை 6 மணிக்கு எழுந்தவர் என்றால், இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் நிறைவடைகிறது. அப்போது வேன் தருமபுரியைத் தாண்டி மொரப்பூர் சாலையில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் இருட்டில் ஓடுவது அவருடைய நண்பர். இன்னும் ஐந்து மணி நேரம் பாக்கி. ஒரு சொட்டு மது தொடாதவராக இருந்தாலும், சட்டம் அனுமதிக்காத அளவு போதையில் இருப்பவரின் தடுமாற்றம் அவருக்கு வந்துவிட்டது. எனவே இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். இருவரும் ஓடக் கூடாது. இரண்டாமவர் பகலில் நன்றாகத் தூங்கி, தருமபுரியிலேயே ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். பேட்டன் மாற்றத்தைவிட முக்கியமான மாற்றம் இதுதான்.

நண்பர்கள் இருப்பதால் என்ன லாபம்?

பிரான்சின் வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் பலரைச் சேர்த்துக் கயிறு இழுக்கச் செய்து அளந்தார். ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது. ஒருங்கே இழுப்பது கடினம் என்பது ஒரு காரணம். தனி உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது என்பது இன்னொன்று. 1920-களில் ஜெர்மனியின் ஓட்டோ கோலர், பெர்லின் படகுக் குழு வீரர்களைக் கொண்டு நேர்மாறான ஒன்றைக் கண்டார். இருவர் சேர்ந்து எடை தூக்கும்போது, தான் நிறுத்தினால் இருவரும் நிறுத்தியாக வேண்டும் என்ற நிலையில், வலுக்குறைந்தவர் தனியாகத் தூக்குவதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் வலுவில் மிதமான வித்தியாசம் இருந்தபோதுதான் இந்தப் பலன் அதிகம்.

தொடரோட்டம் கோலரின் பக்கம் நிற்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓடுகிறார். அவருடைய உழைப்பு எல்லோருக்கும் தெரிகிறது. அவர் நின்றால் அணி நிற்கிறது. 1917-இல் ஜப்பானில் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை சுமார் 500 கிலோமீட்டரை இரவும் பகலுமாக மூன்று நாளில் ஓடிய அணிகள், தோளிலிருந்து தோளுக்கு ஒரு துணிப்பட்டையை மாற்றிக்கொண்டே போயின. அந்த வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது.

ஓட விரும்புகிறவர்களுக்கு

ஒரு தொடரோட்ட அணியின் திறமை, அதன் வேகமான ஆளைப் பொறுத்தது அல்ல. ஓடாத ஐந்து பேரும் தங்கள் ஓய்வை எவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாப்பிடுவதும் தூங்குவதும் ஈரச் சட்டையை மாற்றுவதும் அந்த இரவில் ஓட்டத்தின் பகுதியே.

இப்படி ஓர் இரவை நீங்களும் நண்பர்களும் திட்டமிட்டால், இரண்டு மூன்று மாதமாவது வாரத்தில் மூன்று நாள் ஓடிப் பழகுங்கள். ஒரே நாளில் காலையும் மாலையும் ஓடிப் பாருங்கள். களைத்த காலோடு மறுபடி ஓடுவது எப்படி என்பது அப்போதுதான் தெரியும். இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வழியில் உள்ள காவல் நிலையங்களுக்கும், காட்டுச் சாலை என்றால் வனத்துறைக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். திட்டம் போட உட்காரும்போது ஓட்டுநர்களின் தூக்க நேரத்தை முதலில் எழுதுங்கள், அடுத்து ஓடுகிறவர்களின் தூக்க நேரத்தை. யார் எங்கே ஓடுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.